வலம் மட்டும் தெரிந்த உருமாறி

இளவரசனின் வேலை போனதற்கு நான்தான் காரணம். யாரும் என்னைக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

2004இல் நான் திருவண்ணாமலையில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தேன். அவன் கீழ்பென்னாத்தூரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்து, மேசையில் ஆடும் போர் விளையாட்டு ஒன்றை உருவாக்கினோம். முப்பது வயதில் பொம்மையா என்று ஊர் சிரித்தது, சிரிக்கட்டும். நடுவில் மலை, சுற்றிலும் நாற்பது கட்டங்களில் பாதை. ஒருவருக்கு நான்கு டாங்கிகள், முன்பக்கம் மட்டுமே சுடும். மற்றவருக்கு ஒரே ஓர் உருமாறி இயந்திரம். விமானமாக இருந்தால் எட்டுக் கட்டம் பறக்கும், சுட முடியாது. மனித உருவம் எடுத்தால் சுடும், ஆனால் இரண்டு கட்டம்தான் நடக்கும்.

பொம்மைகளை அவன் செய்தான். விதிகள் என்னுடையவை. அந்த உருமாறியை அடக்குவதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. பலம் கூட்டினால் டாங்கிகளைத் துவம்சம் செய்தது. குறைத்தால் அதை எடுத்து ஆட யாருக்கும் மனமில்லை. மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் பிடித்தேன். ஒரு டாங்கியைச் சுட்டுவிட்டுப் பறந்தால் அது அடுத்த டாங்கியின் குழலுக்கு நேர் முன்னால்தான் இறங்க வேண்டும். பறக்காமல் நின்றால் பின்னால் துரத்தி வருகிற டாங்கி சுட்டுவிடும். தெரிந்தவர்களை வைத்து இருநூறு ஆட்டம் ஆடினோம். இரண்டு பக்கமும் சரிபாதி வென்றது.

சென்னையில் ஒரு பொம்மைக் கம்பெனிக்கு எழுதிப் போட்டோம். நேரில் வந்து ஆடிக் காட்டச் சொல்லிப் பதில் வந்தது. பிடித்தால் இருவருக்கும் அங்கேயே வேலை.

"லீவு போட்டுட்டுப் போலாமாடா?" என்றான் இளவரசன்.

"லீவு எதுக்கு? வேலையை விட்டுடு. இது நிச்சயம்," என்றேன். இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன் அவன். ராஜினாமாக் கடிதத்தை நானே டைப் அடித்துக் கொடுத்தேன்.

கம்பெனியில் த்ரிசலா என்கிற பெண் எனக்கு எதிரே ஆட உட்கார்ந்தார். உருமாறியை எடுத்துக்கொண்டார். ஒரு டாங்கியைச் சுட்டார். பிறகு அதை விமானமாக்கி, வந்த வழியே திரும்பிப் பறந்து, துரத்தி வந்த டாங்கியின் முதுகுப்பக்கம் இறக்கினார்.

"மேடம், அந்தப் பக்கம் போகக் கூடாதுங்க," என்றேன்.

"எங்க எழுதியிருக்கு?"

நாற்பது பக்க விதிப் புத்தகத்தைப் புரட்டினேன். எங்கும் இல்லை. இருநூறு ஆட்டத்தில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன்கூட உருமாறியைப் பின்னால் திருப்பவில்லை. மலையைச் சுற்றுவதென்றால் வலமாகத்தான் சுற்றுவோம். அதை ஒரு விதி என்றே எனக்குத் தோன்றியதில்லை.

"இப்ப எழுதிடறேங்க."

"பறக்கற மிஷின் ஏன் திரும்பக் கூடாதுன்னு வாங்கறவங்க கேப்பாங்களே. என்ன சொல்வீங்க?"

விதிப் புத்தகத்தை மூடி வைத்தேன். பத்து நிமிடத்தில் மீதி டாங்கிகளும் விழுந்தன. அவர் விளையாட்டுப் பெட்டியை மரியாதையாக மூடித் திருப்பிக் கொடுத்தார்.

ஊர் திரும்புகிற பஸ் செஞ்சியைத் தாண்டியது. இளவரசன் என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

"ராஜினாமாவை வாபஸ் வாங்கறேன்னு ஒரு லெட்டர் அடிச்சுத் தரேன்டா. நாளைக்கே குடுத்துடு," என்றேன்.

"என் எடத்துல ஆள் போட்டுட்டாங்க," என்றான். "போன வாரமே தெரியும். சொன்னா நீ பயந்துடுவ, சரியா ஆட மாட்டன்னுதான் சொல்லல."

நான் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அழுதேன். அவன் பெட்டியை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தான்.