வாங்காத வெற்றிலை

மனிதன் வாயால் பொய் சொல்லுவான், கையால் சொல்ல மாட்டான் என்பது என் கணவர் ஷுக்ரியின் கொள்கை. பசறைக் கடைத்தெருவில் வெற்றிலையும் புகையிலையும் கருவாடும் விற்கிற ஒருவருக்குக் கொள்கை வேறு எதற்கு என்று கேட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஸுலைஹா, ஒனக்கு ஆள் பிடிபடாது" என்பார். கடையின் பின்கட்டில், திரைக்குப் பின்னால் இருந்துகொண்டு அவர் பேரம் பேசுவதை வருஷக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறவள் நான். எனக்கு ஆள் பிடிபடாதாம்.

எழுபதாம் வருஷத் தேர்தலில் எங்கள் பக்கம் சுயேச்சையாக நின்றவர்களில் ஒருவர் லொறி மாத்தயா. அவருக்கு அழகான ஒரு பெயர் உண்டு; சுவரொட்டியில்தான் அதைப் பார்த்தோம். ஊருக்கு அவர் லொறி மாத்தயா, லொறி ஐயாதான். தேயிலைத் தோட்டங்களுக்கு விறகும் உரமும் ஏற்றுகிற லொறிகள் அவருடையவை. சின்னம் தராசு.

ஒரு நாள் அவர் கடைக்கு வந்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து பாலில்லாத பிளேன்ரீ கேட்டார். எல்லோரையும்போல என் கணவரை அவரும் 'நானா', அண்ணன், என்றுதான் கூப்பிடுவார்.

"நானா, தோட்டத்துல வோட்டு உள்ள ஆளுங்க யார் பக்கம்? ஒங்களுக்கு எல்லா லயமும் தெரியும். போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. யாரு நமக்கு இல்லையோ, அது எனக்கு முக்கியமாத் தெரியணும்."

"அது எதுக்கு மாத்தயா?" என்று இவர் கேட்டார்.

"பின்னால பாத்துக்கலாம்" என்று சிரித்தார். போகிறபோது, கூட்டுறவுக் கடைக்கு மனேஜராக நம்பிக்கையான ஓர் ஆள் தேவைப்படும் என்று பொதுவாகச் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், இவருக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கோ அந்தப் 'பின்னால' என்ற சொல் அன்றைக்கே பிடிக்கவில்லை. அவருடைய லொறிப் பொடியன்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கடைத்தெருவுக்கே தெரியும். போன தேர்தலில் அவருக்கு எதிராக வேலை செய்த பேக்கரிக்காரரின் கையை உடைத்தவர்கள் அவர்கள்.

தோட்டத்தில் வேலைக்குப் பேர் கொடுக்கக் காலைப் பெரட்டுக்கு நிற்கிற கூட்டத்தில் வோட்டு உள்ளவர்கள் கொஞ்சம் பேர்தான். பிரஜாவுரிமை கிடைத்தவர்களுக்கு மட்டும்தான் அது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், மேட்டு லயத்தில்தான் அப்படிப்பட்டவர்கள் அதிகம். அங்கே இருந்த தங்கராஜா பதுளை அரசாங்கக் கச்சேரிக்கு நடையாய் நடந்து, வெள்ளைச் சட்டைக்காரர்களிடம் ஏச்சும் பேச்சும் வாங்கி, தன் பங்காளிகள் எல்லோருக்கும் அந்தப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்திருந்தார். வோட்டு என்றால் அவருக்குச் சாமி மாதிரி.

'யாருக்குப் போடுவீங்க?' என்று நேராகக் கேட்டால் லயத்தில் ஒருவரும் பதில் சொல்ல மாட்டார்கள். 'பாப்போங்க' என்பார்கள். கேட்கிறவர் யாருடைய ஆள் என்று யாருக்குத் தெரியும்? அதனால் என் கணவர் ஒரு வழி கண்டுபிடித்தார். அங்கே கல்யாணப் பேச்சானாலும் சண்டை தீர்ப்பதானாலும், தட்டில் வைத்து நீட்டுகிற வெற்றிலையை வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்தாயிற்று என்று அர்த்தம். இவர் பித்தளைத் தட்டில் வெற்றிலை பாக்கை அடுக்கிக்கொண்டு, "லொறி மாத்தயா குடுத்தனுப்பினார்" என்று வாசல் வாசலாக நீட்டினார். வாங்கினால் ஒரு பாக்கை எடுத்துச் சட்டையின் வலது பைக்குள் போடுவார். வாங்காவிட்டால் இடது பை. எந்த லயம் எப்படி என்று அன்றன்றைக்கே மாத்தயாவிடம் போய்ச் சொல்லிவிட்டு வருவார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்த நாட்கள் அவை.

மேட்டு லயத்திலிருந்து வந்த அன்று மட்டும் முகம் செத்துப்போயிருந்தது.

"ஒருத்தன் வாங்கல்ல ஸுலைஹா. ஒரு வாசல்லயும் வாங்கல்ல. தங்கராஜா என்ன செஞ்சான் தெரியுமா? தட்டை நீட்டுறேன், கைய முதுகுக்குப் பின்னால கட்டிக்கிட்டான். 'இப்ப வேணாங்க நானா, பெறகு பாப்போம்' எங்கிறான்."

"ஏன் எண்டு கேக்கல்லயா நீங்க?"

"கேக்க என்ன இரிக்கி? கை சொல்லிருச்சே."

எனக்கு அது நம்பும்படியாக இல்லை. தங்கராஜாவின் மகனைப் பாம்பு கடித்த அன்று, உரம் இறக்கிக்கொண்டிருந்த லொறியை அப்படியே நிறுத்திப் பையனை ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்கு ஓட்டச் சொன்னவர் இதே லொறி மாத்தயாதான். பையன் பிழைத்தான். அதை எங்கள் கடை வாசலில் நின்று எத்தனையோ தடவை சொல்லிக் கண்கலங்கியவர் தங்கராஜா. அப்படிப்பட்டவர் ஏன் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்? சொன்னேன். "அரசியல்ல நன்றி ஏது" என்று இவர் ஏதோ பெரிய தலைவர் மாதிரி பதில் சொன்னார். சொல்லிவிட்டு இடது பையைத் தட்டிக்கொண்டு மாத்தயாவின் வீட்டுக்குப் போனார்.

தேர்தல் நெருங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கராஜாவின் மனைவி ரெங்கம்மா கடைக்கு வந்தாள். எள்ளும் நல்லெண்ணெயும் வாங்கினாள். என்னைப் பார்க்க வேண்டும் என்று பின்கட்டுக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"யாருக்கு என்ன ரெங்கம்மா?"

"எங்க மூத்தாருங்க ராத்தா, இவரோட அண்ணன். கொஸ்லந்தயில காய்ச்சலாக் கெடந்து போயிட்டாரு. அங்கனயே அடக்கம் பண்ணிட்டாங்க. நாங்க பங்காளிக எல்லாரும் பதினாறாம் நாள் வரைக்கும் தீட்டுங்க. ஆனா வாய்விட்டு அழ முடியல. அவரு மக சந்திரகாந்தி எங்ககிட்டத்தான் இருக்கா. நெறமாசம். தலைப்பிரசவம். அப்பன் போயிட்டான்னு அவகிட்ட எப்புடிச் சொல்றது? புள்ளை பொறக்கட்டும்னு லயமே வாயை மூடிக்கிட்டு இருக்கு."

"அன்னைக்கி இவர் வெத்தல கொண்டு வந்தாரே..." என்றேன்.

"அதுதாங்க! எங்க வீட்டுக்காரரு வந்து அப்புடி வருத்தப்பட்டாரு. சும்மா மெல்லுற வெத்தலைன்னாப் பரவால்லங்க. தட்டுல வச்சு வாக்குக் கேக்குற வெத்தலையத் தீட்டுக்காரங்க கைநீட்டி வாங்கலாமா? வாங்கினா மாத்தயாவுக்குத்தானே ஆகாது. அவரு தோத்துப் போயிட்டா? ஏன்னு சொல்லலாம்னா, பக்கத்துலயே அந்தப் புள்ள நிக்கிறா."

மாத்தயாவுக்கு ஆகாது என்பதற்காகக் கையைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எங்களுக்கும் புருஷன் போனவள் ஒதுங்கியிருக்கிற இத்தா உண்டு, மௌத்து வீட்டு முறைகள் உண்டு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்த மனிதருக்கு விளங்கியிருக்கும். கேட்கவில்லையே! அந்த நேரத்தில் அவர் எதிரே இருந்திருந்தால் தராசுத் தட்டை எடுத்து எறிந்திருப்பேன்.

இவர் வந்ததும் சொன்னேன். நல்ல மனிதர்தான், கெட்டவர் என்று நான் சொல்ல வரவில்லை. "மாத்தயாகிட்ட சொல்லிடுறேன்" என்றார். உண்மையாகத்தான் சொன்னார்.

மறுநாளே லொறி மாத்தயா கடைக்கு வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன்.

"மேட்டு லயத்து விஷயம் ஒண்டு மாத்தயா. அவங்க வெத்தல வாங்காதது நம்மள வேணாம் எண்டு இல்ல. அவங்க குடும்பத்துல ஒரு மரணம். தீட்டாம்."

மாத்தயா பிளேன்ரீயை ஊதிக் குடித்தார். "அப்ப வாங்காதவன் எனக்குப் போடுவானா?"

"போடுவாங்க மாத்தயா."

"அப்ப வாங்கினவன்?"

இவர் தராசுத் தட்டைத் துடைக்கத் தொடங்கினார்.

"வாங்கினவன் மரியாதைக்கு வாங்கியிருப்பான். இல்லையா? வீட்டு வாசலுக்கு வந்து நீட்டுறீங்க, மறுக்க முடியாம வாங்கியிருப்பான். அப்ப நீங்க கொண்டாந்த கணக்கு என்ன கணக்கு நானா? அத நம்பித்தானே நான் எத்தனையோ தோட்டத்துக்குத் திரும்பப் போகாம இருக்கேன்? இந்தக் கணக்குப் போடுற ஆள் கையிலயா கூட்டுறவுக் கடைய குடுக்குறது?"

பிறகு என் கணவர் சிரித்தார். பழைய கருவாட்டைப் புதுசு என்று விற்கிறபோது சிரிக்கிற சிரிப்பு அது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"இல்ல மாத்தயா, அப்பிடி ஒரு கதை கட்டுறாங்க எண்டு சொல்ல வந்தேன். எங்கட கணக்குப் பிழைக்காது. வாங்கினவன் நம்ம ஆள். மேட்டு லயம் நமக்கு இல்ல."

திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அந்நிய ஆண்கள் முன்னால் அப்படி வருகிற பழக்கம் எனக்கு இல்லை. அன்றைக்கு வந்தேன். "கதை இல்ல மாத்தயா. ரெங்கம்மா என் முன்னால நிண்டு அழுதா. அவங்க வோட்டு எல்லாம் ஒங்களுக்குத்தான்."

மாத்தயா என்னைப் பார்க்கவே இல்லை. "நானா, ஒங்க வீட்டுல யாவாரம் பண்ணுறது யாரு?" என்று கேட்டார்.

"உள்ள போ" என்றார் என் கணவர்.

தேர்தல் நடந்தது. மேட்டு லயத்துக்காரர்கள் விடியக் காலையில் குளித்து, உள்ளதில் நல்லதை உடுத்திக்கொண்டு, கோயிலுக்குப் போவதுபோல் வோட்டுச் சாவடிக்குப் போனதைக் கடையிலிருந்து பார்த்தோம். லொறி மாத்தயா தோற்றார். கொஞ்ச வோட்டு வித்தியாசம்தான் என்றார்கள். கொஞ்சத்தில் தோற்றவனுக்குத்தான் கோபம் அதிகம். ஜெயித்தவர் ஆட்களின் வெடிச்சத்தம் ஒரு பக்கம், அவருடைய லொறி முற்றத்தில் சாராயம் ஒரு பக்கம்.

முடிவு வந்த மறுநாள் காலை தங்கராஜா கடைக்கு வந்தார். தலைமுழுகி, வெள்ளை வேட்டி கட்டி, திருநீறு பூசியிருந்தார். பதினாறாம் நாள் கழிந்துவிட்டது. சந்திரகாந்திக்கும் சுகமாகப் பெண் பிறந்துவிட்டது.

"நல்ல வெத்தலயாப் பாத்து ஒரு கட்டுக் குடுங்க நானா. கொட்டப்பாக்கும் வேணும். லொறி மாத்தயா வீட்டுக்குப் போறேன்."

நான் பின்கட்டிலிருந்து ஓடி வந்தேன். "இண்டைக்கிப் போகாதீங்க. அங்க எல்லாரும் குடிச்சிருக்காங்க. அவர் ஒங்கள எதிரி எண்டு நெனச்சுக்கிட்டு இரிக்கார்."

"கேள்விப்பட்டேங்க ராத்தா. அதுக்குத்தான் போறேன். அன்னைக்கு வாங்க முடியாத வெத்தலைய இன்னைக்கி நானே கொண்டுபோய்க் குடுத்தா வெளங்கிரும்ல. எம் புள்ள உசுரக் காப்பாத்துன மனுசன். தோத்து உக்காந்திருக்கப்பத்தானே போயி நிக்கணும்?"

நான் என் கணவர் பக்கம் திரும்பினேன். "நீங்களும் கூடப் போங்க. நீங்க சொன்னாத்தான் அவர் நம்புவார். கடைய நான் பாத்துக்கிறேன்."

அவர் ஈரத் துணியை விலக்கி வெற்றிலையை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, காம்பு அழுகாததாகத் தெரிந்தெடுத்து, கட்டாகக் கட்டினார். கூடப் போனால் மாத்தயாவின் முன்னால் தன் வாயாலேயே தன் பொய்யைச் சொல்ல வேண்டும். "சாமான் லொறி வர்ற நேரம்" என்றார். தங்கராஜா வெற்றிலைக் கட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, தட்டையும் எங்களிடமே இரவல் வாங்கிக்கொண்டு போனார். அதே பித்தளைத் தட்டு.

மத்தியானத்துக்குள் செய்தி வந்துவிட்டது. தோற்றவன் வீட்டு வாசலில் வெள்ளை வேட்டியும் தாம்பூலத் தட்டுமாக ஒருவர் வந்து நிற்கிறார். அதுவும் மேட்டு லயத்து ஆள். கொண்டாட வந்திருக்கிறான், கேலி பண்ண வந்திருக்கிறான் என்று முற்றத்தில் நின்ற பொடியன்கள் முடிவு செய்துவிட்டார்கள். அவர் வாயைத் திறக்கவும் விடவில்லையாம். லொறிக் கம்பியால் அடித்திருக்கிறார்கள். மாத்தயா உள்ளேதான் இருந்தார் என்கிறார்கள். பதுளைக்குக் கொண்டுபோகிற வழியில், இரண்டாம் மைல்கட்டை தாண்டுவதற்குள் தங்கராஜா போய்விட்டார். அவருடைய பையனைப் பிழைக்க வைத்த அதே ரோட்டில்.

நாங்கள் மேட்டு லயத்துக்குப் போனோம். என் கணவர் வர மறுத்தார், நான் விடவில்லை. இந்தத் தடவை யாரும் வாயை மூடிக்கொள்ளவில்லை. பறை முழங்கியது, லயமே கதறியது. சந்திரகாந்தி பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அப்பன் செத்த செய்தியையும் சித்தப்பன் செத்த செய்தியையும் அவளுக்கு ஒரே நாளில் சொல்லியிருந்தார்கள்.

ரெங்கம்மா எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். என்னைத் தாண்டி என் கணவர் முன்னால் போய் நின்றாள். ஏசப்போகிறாள் என்று நினைத்தேன். ஏச வேண்டும் என்றுகூட ஆசைப்பட்டேன்.

"நானா, நீங்க மாத்தயாகிட்ட ஒரு வார்த்த சொல்லணும். நாங்க ஒருத்தர் பாக்கியில்லாம தராசுக்குத்தாங்க போட்டோம். இந்தப் புள்ள மேல சத்தியமா. அவரு தப்பா நெனச்சுக்கிட்டே இருக்கப்படாது. எங்க வீட்டுக்காரரு அதுக்குத்தாங்க போனாரு. நீங்க சொன்னா அவரு நம்புவாரு."

என் கணவர் இரண்டு கைகளையும் கூப்பினார். "சொல்றேன் ரெங்கம்மா" என்றார்.

கை பொய் சொல்லாது என்கிற மனிதர். அந்தக் கைகளை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவை நடுங்கக்கூட இல்லை.