தளத்தில் ஒரு பள்ளம்

மூன்றாவது தூணை நெருங்கியதும் இயந்திர அலகின் இடது முனை மறுபடியும் தாழ்ந்தது.

ஃபிராங்க்ளின் இயந்திரத்தை நிறுத்தினார். ஈரக் கான்கிரீட்டில் கையளவு அகலத்துக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது. ரப்பர் பூட்ஸோடு கான்கிரீட்டில் நின்றிருந்த மேஸ்திரி சுபல்தாவும் அவருடைய ஆட்களும் கலவை தள்ளும் நீண்ட மட்டைகளை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். வெளியே கலவை லாரி ஹார்ன் அடித்தது. அதன் பின்னால் இன்னும் இரண்டு நின்றன.

ஹவுராவில் நெடுஞ்சாலையை ஒட்டி எழும்பிக்கொண்டிருந்த கிடங்கு அது. கூரை போட்டாகிவிட்டது, தரைதான் பாக்கி. உயரமான அலமாரிகளும் அவற்றுக்கிடையே ஓடும் வண்டிகளும் வரப்போவதால் தரை ஒரே மட்டமாக இருக்க வேண்டும். அதற்காகச் சென்னையிலிருந்து வந்தது இந்த லேசர் இயந்திரம். மூலையில் உயரமான முக்காலியின் மேல் ஒரு கருவி சுழன்றுகொண்டே, ஆட்களின் தலைக்கு மேலே சிவப்புக் கதிரை வீசும். இயந்திரத்தின் நீண்ட அலகில் இருபுறமும் நிற்கும் கம்பங்களின் உச்சியில் உள்ள கருவிகள் அந்தக் கதிரைப் பிடிக்கும். அதற்கேற்ப அலகு தானே ஏறி இறங்கிக் கான்கிரீட்டை வழித்துக்கொண்டு வரும். ஓட்டுகிறவர் நிதானமாக ஓட்டினால் போதும்.

அந்த நிதானத்தைப் பற்றித்தான் சந்தேகம் வந்தது.

"என்னய்யா பண்றீர்?" என்று கத்திக்கொண்டே வந்தார் மஹாதேவன். தள நிர்வாகி. கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் பிறந்து வளர்ந்தவர். தமிழைவிட வங்காளம் அவர் வாயில் சரளமாக வரும். "ரெண்டாவது தடவை! ஆரே பாபா, இது தரையா, குளமா?"

"நான் ஒண்ணும் பண்ணல சார். அதுவா இறங்குது."

"அதுவா இறங்குதா? போன வருஷம் மெட்ராஸ்லயும் அதுவாத்தான் இறங்கித்தா?"

சென்ற ஆண்டு ஃபிராங்க்ளின் குடித்துவிட்டு இயந்திரத்தில் ஏறியதும், போட்ட தளத்தை உடைத்தெடுக்க நேர்ந்ததும் கம்பெனியில் எல்லோருக்கும் தெரியும்.

மஹாதேவன் கிட்டே போய் முகர்ந்தார். "ஏலக்காய் வாசனை வர்றது. எதை மறைக்க ஏலக்காய்? ஊதும்!"

"சார்..."

"ஊதும்யா, எல்லார் முன்னாடியும்!"

நாற்பத்தைந்து வயது மனிதர் இருக்கையில் அமர்ந்தபடியே குனிந்து, இன்னொரு மனிதரின் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினார். பாஷை புரியாவிட்டாலும் செய்கை புரிந்தது. ஆட்களில் இருவர் சிரித்தார்கள். சுபல்தா சிரிக்கவில்லை.

ஊதியதில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வந்துவிட்ட கோபம் ஓர் இடத்தில் போய் விழாமல் அடங்குவதில்லை. "ராஜர்ஹாட் சைட்லேர்ந்து தினேஷ்குமாரை வரச் சொல்றேன். அவன் வந்து ஓட்டட்டும். நீர் இறங்கிப் பெட்டியைக் கட்டும். இனிமே எந்த மெஷின்லயும் உம்மை ஏத்தாம நான் பார்த்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

தரத்தைப் பார்க்கும் பொறியாளர் அக்‌ஷயா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். மதுரைப் பெண், ஜாதவ்பூரில் அறை எடுத்துத் தங்கி, தினமும் ஆற்றைக் கடந்து வேலைக்கு வருகிறவள். ஒரு நாள் படகில் ஃபிராங்க்ளின் அவளிடம் சொல்லியிருந்தார்: மகள் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று கோயில் வாசலில் விட்ட குடி, அதற்குப் பிறகு தொடவில்லை, வாய் பரபரத்தால் ஏலக்காய் மெல்லுவேன் என்று. அதை அவள் நம்பினாள். நம்புவதற்கு அத்தாட்சி ஏதும் அவளிடம் இல்லை.

"சார், தினேஷ் வர்றதுக்குள்ள கான்கிரீட் இறுகிரும்" என்றாள்.

"இறுகினா உடைப்போம். உடைச்சுப் பழக்கம்தானே நம்ம ஆளுக்கு."

"கொஞ்ச நேரம் குடுங்க சார். லேசரை ஒரு தடவை பார்த்துர்றேன்."

"அடுத்த லாரி கொட்டற வரைக்கும். அதுக்கு மேல கிடையாது."

அவள் முக்காலியிடம் ஓடினாள். மட்டம் காட்டும் குமிழ் நடுவில் நின்றது. கால்கள் அசையவில்லை. சுவரில் குறித்து வைத்திருந்த மட்டத்தோடு ஒப்பிட்டாள், மயிரிழைகூட மாறவில்லை. அப்படியானால் கோளாறு இயந்திரத்தில் இருக்க வேண்டும், அல்லது அதை ஓட்டியவரிடம். அவசரப்பட்டுப் பரிந்து பேசிவிட்டோமோ?

ஃபிராங்க்ளின் இன்னும் இறங்கவில்லை. "மத்த இடத்துல எல்லாம் சரியா போச்சு மேடம். அந்தத் தூணுக்கிட்ட வந்தாத்தான் இப்படி. எனக்குத் தலை சுத்துதோன்னு நானே நெனச்சிட்டேன்" என்றார். தம்மைத் தாமே சந்தேகிக்க ஆரம்பித்துவிட்ட மனிதரின் குரல் அது. அதைக் கேட்டதும் அவளுக்கு விடக்கூடாது என்று தோன்றியது.

கதிர் பட்டால் ஒலி எழுப்பும் சிறு கருவி ஒன்று அவளிடம் இருந்தது. அதை நீளமான அளவுகோலில் மாட்டி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கான்கிரீட் படாத விளிம்பு வழியாக நடந்தாள். முதல் தூண். சரியான உயரத்தில் ஒலித்தது. இரண்டாவது தூண். சரி. மூன்றாவது தூணருகே அதே உயரத்தில் ஒலித்தது. மெல்லக் கீழே இறக்கினாள். அங்கே மௌனமாக இருக்க வேண்டும்.

மறுபடி ஒலித்தது.

கதிர் வராத இடத்தில் ஒரு கதிர்! அவள் தலையை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தாள். தகரக் கூரை, இரும்புச் சட்டங்கள், தூண். எதிர்த் தூணில் உயரத்தில் ஒரு சிவப்புப் பொறி மின்னி மறைந்தது. மீண்டும் மின்னியது.

அங்கே மஹாதேவன் வீட்டுப் பிள்ளையார் இருந்தார்.

காலையில் வேலை தொடங்குமுன் மஹாதேவனே கொண்டுவந்து, ஏணி போட்டு ஏறி, கட்டுக்கம்பியால் தூணில் மாட்டிய படம். கண்ணாடிச் சட்டம், செம்பருத்தி மாலை. எல்லார் கண்ணிலும் படட்டும் என்று உயரத்தில் மாட்டியிருந்தார். வீட்டுப் பூஜையறையில் மாட்டுவதுபோல, கும்பிடுகிறவர்களைக் குனிந்து பார்க்கும்படி மேல்பக்கத்தைச் சற்றே முன்னால் சாய்த்தும் கட்டியிருந்தார். சுழன்று வந்த கதிர் அந்தக் கண்ணாடியில் பட்டுக் கீழ்நோக்கித் திரும்பியது. மூன்றாவது தூணருகே வந்த இயந்திரம் அதையும் பிடித்துக்கொண்டு, நாம் உயரத்தில் இருக்கிறோம் என்று எண்ணி அலகை இறக்கியது.

"சுபல்தா, அந்தப் படத்தை ஒரு நிமிஷம் மறைக்கணும்" என்று இந்தியில் சொன்னாள்.

சுபல்தா தோளிலிருந்த கம்சாவை எடுத்தார். சிமெண்டும் வியர்வையும் ஊறிய துண்டு. சாமிப் படமாயிற்றே என்று தயங்கினார். "தாகுர் முகத்திலா, தீதி? இதையா?"

அவள் தன் துப்பட்டாவை உருவிக் கொடுத்தாள். அவர் அதை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, மட்டையின் நுனியில் மாட்டி, படத்தின் முன் திரைபோல உயர்த்தினார்.

ஒலி நின்றது. துப்பட்டாவை விலக்கினார், ஒலித்தது. மறைத்தார், நின்றது.

மஹாதேவன் கைப்பேசியைக் காதில் வைத்தபடியே இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷம் கட்டுமானத்தில் இருந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் இரத்தமில்லை.

"நல்லது நடக்கணும்னுதானே மாட்டினேன்" என்றார் யாரிடமோ.

அக்‌ஷயாவுக்கு நாக்கு நுனிவரை சில வார்த்தைகள் வந்தன. அதற்குள் ஃபிராங்க்ளின் இயந்திரத்திலிருந்து இறங்கி வந்துவிட்டார்.

"சாமி படத்தைக் கீழ வைக்க வேண்டாம் சார், சகதியா கெடக்கு. எங்கிட்ட குடுங்க. சீட்டுக்குப் பின்னாடி பெட்டியில பத்திரமா வச்சிக்கிறேன். இன்னைக்கு முழுக்க என்கூடவே வரட்டும்."

மஹாதேவன் ஏணியில் ஏறினார். முறுக்கிய கம்பியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். கீழே இருந்து ஏணியைப் பிடித்துக்கொண்டவர் ஃபிராங்க்ளின்தான். படத்தை இரண்டு கைகளாலும் வாங்கி, மாலை நசுங்காமல் பெட்டிக்குள் வைத்தார்.

"மன்னிச்சிடும்யா" என்றார் மஹாதேவன், அவருக்கு மட்டும் கேட்கும் குரலில்.

"பரவால்ல சார்."

இதோடு முடிந்திருக்கலாம். அநேகமாக உலகத்தில் இப்படித்தான் முடிகிறது. நாலு பேர் முன்னால் பறித்ததை நாம் தனியாக அழைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மனம் லேசானதாக எண்ணிக்கொள்கிறோம். மஹாதேவன் இரண்டடி நடந்தார். நின்றார். சிரித்த அந்த இருவரையும் பார்த்தார். பிறகு கிடங்கு முழுவதும் கேட்கும்படி வங்காளத்தில் கத்தினார்:

"ஷோனோ ஷபாய்! தோஷ் அமார். ஓர் கோனோ தோஷ் நேய்!"

எல்லோரும் கேளுங்கள், தப்பு என்னுடையது, அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. சொல்லி முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. சிரித்தவர்களில் ஒருவன் தலையைக் குனிந்துகொண்டான். மஹாதேவன் கைப்பேசியில் தினேஷ்குமாரிடம், "வர வேண்டாம்ப்பா. இங்க ஆள் இருக்கார்" என்றார்.

ஃபிராங்க்ளின் முகத்தைத் திருப்பிக்கொண்டு புறங்கையால் கண்ணைத் துடைத்தார். பிறகு இருக்கையில் ஏறி அமர்ந்தார்.

"பேச நேரமில்ல சார். பள்ளத்துல ரெண்டு கூடை கொட்டச் சொல்லுங்க. இன்னும் இறுகல, வழிச்சிரலாம். லாரியை உள்ள விடுங்க."

சுபல்தாவின் ஆட்கள் ஓடிவந்து கலவையை அள்ளிப் போட்டார்கள். அலகு மூன்றாவது தூணை நெருங்கியது. யாரும் மூச்சுவிடவில்லை. அது தாழவில்லை, தூணைத் தாண்டி, ஈரம் பளபளக்கும் மட்டமான தரையைப் பின்னால் விட்டுக்கொண்டே போனது.