முருகன் இறங்காத கப்பல்

வீரமணிக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. தேர்தலுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது. கம்பைநல்லூரில் பிறந்தவர், தூத்துக்குடியில் சரக்குக் கப்பல் கம்பெனி நடத்துபவர். ஐம்பத்தாறு வயதில் சொந்த ஊர்ப் பக்கம் ஓட்டுக் கேட்க வந்திருந்தார். பொம்மிடி ஸ்டேஷன் முன்னால் பிரச்சார வேன் நின்றபோது ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து செல்போனை நீட்டினாள்.

"எம்பேரு வெண்மதிங்க. எம்புருசன் முருகன் உங்க கப்பல்ல சமையல்காரரு. மத்தவங்க எல்லாம் வூடு வந்துட்டாங்க. அவரு மட்டும் நாலு மாசமா வரலீங்க."

திரையில் தாடி மண்டிய, கன்னம் ஒட்டிய முகம். வீரமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்ஜின் பழுதாகிக் கப்பல் வெளிநாட்டுத் துறைமுகத்தில் நிற்பது அவருக்குத் தெரியும். ஆட்கள் எல்லாரும் திரும்பிவிட்டதாகத்தான் மேனேஜர் மாதவராஜ் சொல்லியிருந்தான். வேனிலிருந்தே அவனைக் கூப்பிட்டார்.

"தேர்தல் நேரத்துல உங்களக் கொழப்ப வேண்டாம்னுதானுங்க..." மாதவராஜ் இழுத்தான். ஆளில்லாமல் கப்பலை விடக்கூடாது, பொறுப்புக்கு ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்தத் துறைமுகத்தில் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் நழுவ, முருகன் போட்டுவிட்டான். மாற்று ஆள் ஏறினால்தான் அவன் இறங்க முடியும். போக ஒருவரும் சம்மதிக்கவில்லை.

மொரப்பூர்க் கூட்டத்தில் பேச்சு பாதியில் நின்றுபோனது. சாப்பாடும் இறங்கவில்லை. வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்தவரை மனைவி கலைமணி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"போறதுன்னா போங்க. எதுக்கு இப்பிடி அல்லாடறீங்க?"

"ஓட்டு?"

"அந்தப் பொண்ணுகிட்ட எதச் சொல்லி ஓட்டுக் கேப்பீங்க?"

மறுநாள் ஒன்றியச் செயலாளர் அறிவழகன் காரை மறித்துக் கெஞ்சினான். "இப்பப் போனீங்கன்னா தோத்துருவோம்ணா." கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கு வீரமணி போய்விட்டார்.

முதலாளியே வந்தும் காகிதங்கள் நகரவில்லை. இங்கே ஓட்டுப்பதிவு நடந்த அன்று அவர் துறைமுக அலுவலக பெஞ்சில் எழுந்தும் உட்கார்ந்தும் பொழுதைக் கழித்தார். அதற்கு இரண்டு நாள் கழித்துத்தான் முருகனின் பெயரை அடித்து அவர் பெயரை எழுதினார்கள்.

கப்பல் ஏணியில் ஏறி வந்தவரைப் பார்த்து முருகன் திகைத்தான். "சார், நீங்களா இருக்கப் போறீங்க?"

"என் கப்பல்தானே. நீ கெளம்பு."

அரிசி எந்த டிரம்மில் இருக்கிறது, விளக்கு எத்தனை மணி நேரம் எரியும் என்பதையெல்லாம் காட்டிவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே முருகன் படகில் இறங்கினான்.

வீரமணி மேல்தளத்துக்கும் சமையலறைக்கும் ஏறி இறங்கிக்கொண்டே நாட்களைத் தள்ளினார். வாக்கு எண்ணிக்கை நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். அன்று சாயங்காலம் வெண்மதி கூப்பிட்டாள்.

"மனசு கேக்கலீங்க. நானும் எங்க தெருவுல பத்துப் பேரும் உங்களுக்குப் போடலீங்க. அன்னிக்கு அவரு இன்னும் வந்து சேரலே."

"போட்டிருந்தாத்தாம்மா தப்பு," என்றார். "சாப்பிடறானா?"

"நல்லா சாப்பிடறாருங்க."

போனை வைத்த பிறகும் அவரால் உட்கார முடியவில்லை. இருந்திருந்தால் ஜெயித்திருப்போமோ என்று ஒரு பக்கம். நாலு மாதம் கேட்காமல் விட்டேனே என்று ஒரு பக்கம். ஐந்தாவது வாரம் கப்பலைக் கட்டி இழுத்துப்போக இழுவைக் கப்பல் வந்து சேரும்வரை அந்த இரும்புத் தளத்தில் நடந்துகொண்டுதான் இருந்தார்.