தொண்டையில் இறங்காத மாத்திரை

சேவுகனுக்கு வாக்கப்பட்டு ஆலங்குடிப் பக்கம் வந்த பொன்னுத்தாய்க்கு வெள்ளைப்படுதல் மறுபடியும் கண்டது. அரிப்பும் எரிச்சலுமாகக் கடலைக் கொல்லையில் உட்கார்ந்து களையெடுக்க முடியவில்லை. புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் மாத்திரை வாங்கித் தின்றால் குணமாகும். பிறகு பழையபடி வந்துவிடும்.

இந்தத் தடவை புதிதாக வந்திருந்த லேடி டாக்டர், பரிசோதித்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரரைக் கூட்டிவரச் சொன்னார்.

"அவுகளுக்கு ஒண்ணுமில்லைங்களே."

"ஆம்பளைக்கு வெளியே தெரியாதும்மா. ஆனா உள்ளே இருக்கும். நீ மட்டும் சாப்பிட்டா அவர்கிட்டேருந்து திரும்பத் தொத்திக்கும்."

விசயத்தைக் கேட்டதும் சேவுகன் முகம் சுண்டிப்போயிற்று. தன் நடத்தையைச் சந்தேகப்படுகிறார்களோ என்று நினைத்தான். யாரிடமிருந்து எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாதாம், ரொம்ப நாள் சத்தமில்லாமல் கிடக்குமாம் என்று டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள் பொன்னுத்தாய். மறுநாள் அவனே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான்.

ஆளுக்கு ஒரு வாரத்து மாத்திரை. அது முடிந்து குணமாகும்வரை தனித்தனியே படுக்க வேண்டும். சேவுகன் கட்டிலை வாசலில் போட்டுக்கொண்டான். ஆனால் மாத்திரையை வாயில் போட்டதும் கொல்லைப்பக்கம் ஓடினான். பின்னாலேயே போன பொன்னுத்தாய், அவன் வேலியோரம் துப்புவதைப் பார்த்துவிட்டாள். மனசு கசந்துபோயிற்று.

"எனக்காக இதுகூட முடியலையா ஒங்களுக்கு?"

"முழுங்கத்தான் பாக்குறேன். தொண்டையில எறங்க மாட்டேங்குது, புள்ள."

பாறையை உடைத்துக் கிணறு வெட்டுகிற ஆள் கண்கலங்கி நின்றதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவனும் சிரித்தான். மாத்திரையை வெல்லத்தோடு பொடித்துக் கொடுத்தாள். கசப்பில் அவன் முகம் போன போக்கைப் பார்த்து மறுபடி சிரிப்பு. கடைசியில் வாழைப்பழத் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். வழுக்கிக்கொண்டு இறங்கிவிட்டது. அதன் பிறகு ஒரு வேளைகூடத் தப்பவில்லை.

திரும்பப் பரிசோதித்த டாக்டர் நோய் போய்விட்டது என்றார். அந்த வருசம் கடலைக்குப் பொன்னுத்தாயே முன்னால் நின்று களையெடுத்தாள்.

பொம்பளை ஆஸ்பத்திரியில் உனக்கென்ன வேலை என்று கூட்டாளி பிச்சை கிணற்றடியில் கேலி பண்ணினான். சேவுகன் கூச்சப்படாமல் உள்ளதைச் சொன்னான். இரண்டு நாள் கழித்து பிச்சையின் பெண்சாதி ராக்காயி வந்து, அந்த டாக்டரைப் பார்க்க எந்த பஸ்ஸுக்குப் போகணும் என்று பொன்னுத்தாயிடம் மெதுவாகக் கேட்டாள்.

"காலை பஸ்ஸுக்குப் போங்கக்கா. அண்ணனையும் கூட்டிட்டுப் போங்க."