பொடித்துக் கொடுத்த அற்புதம்

1

இந்தக் கதையை நான் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன இடத்தில் கிடைத்தது. மருந்துக்கடைக்காரர் மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே பேச்சுவாக்கில் ஒன்றைச் சொன்னார். வாங்க வந்ததைக் கவுண்டரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்றைக்கு என் அழுத்தம் எவ்வளவு இருந்ததோ, யார் அளந்தார்கள்!

அவருக்குத் தெருவில் 'அரைமாத்திரை' என்று பெயர். யார் தலைவலி, காய்ச்சல் என்று வந்தாலும், "மொதல்ல அரை மாத்திரை போட்டுப் பாருங்க, ஒத்துக்குதான்னு" என்பார். கீழே கடை, மேலே வீடு. வீட்டில் அம்மா, மனைவி. நடைக்கு எதிர்வாசலில் ஒரு தையல்காரம்மாவும் அவள் மகளும். தரைத்தளத்தில், கடைக்குப் பின்பக்கம், ஒரு டிரைவர். ஆட்கள் இவ்வளவுதான்.

(யார் எந்த மதம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப்பேர் இந்த இடத்திலேயே மூடி வைத்துவிடுவீர்கள், மீதிப்பேர் ரொம்ப சந்தோஷமாகப் படிப்பீர்கள். எனக்கு இரண்டு கூட்டமுமே வேண்டாம். அம்மாவுக்கு ஒரு சாமி, எதிர்வீட்டுக்கு வேறு சாமி, அரைமாத்திரைக்கு எதுவும் இல்லை. இது போதும்.)

2

முதல் வரிக்காகப் பட்ட பாடு:

'அன்று காலை பதினோரு மணிக்கு எதிர்வீட்டுக் குளியலறைக் கதவை உடைத்தபோது—'

வேண்டாம். ஒரு பெண்ணின் சாவை வாசலில் கிடத்திக் கூட்டம் சேர்க்கிற வேலை.

'நம்பிக்கை என்பது என்ன என்ற கேள்வி மனித குலத்தை—'

தூ. இதை எழுதினவனை நானே செருப்பால் அடிப்பேன்.

'அவர் மனைவிக்குப் பதினோரு வருஷமாக வலிப்பு இருந்தது.'

இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

3

அவர் மனைவிக்குப் பதினோரு வருஷமாக வலிப்பு இருந்தது. மாத்திரை போட்டால் வராது. ஆனால் மாத்திரை தன் கூலியை வாங்காமல் விடுமா? முடி கொட்டியது, உடம்பு ஊதியது, ஈறு வீங்கியது, பகலெல்லாம் மந்தம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளியூரில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் இரண்டு நாள் மாத்திரை விட்டுப்போய், மாடிப்படியில் விழுந்தாள். முன்பல் இரண்டு உடைந்தது. அவளைத் தூக்கியபோது தன் சட்டையில் ஒட்டியிருந்த பல்துண்டை அரைமாத்திரை இன்னும் மறக்கவில்லை.

எதிர்வீட்டில் புதன்கிழமை மூன்று மணிக்குப் பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும். முதலில் சும்மா பேச்சுத்துணைக்குத்தான் போனாள். பிறகு மனசு லேசாக இருக்கிறது என்றாள். ஒருநாள் கூட்டம் முடிந்து வந்தவள் நேராகச் சமையலறைக்குப் போய், மாத்திரை அட்டைகள் அத்தனையையும் குப்பைக்கூடையில் போட்டாள்.

"என்ன பண்றே நீ? பைத்தியமா?"

"எனக்குக் குணமாயிடுச்சுங்க. தலையில கை வச்சாங்க, அப்பவே தெரிஞ்சுடுச்சு."

"உனக்குத் தெரிஞ்சா போதுமா? மூளைக்குத் தெரிய வேணாமா?"

"நீங்க மாத்திரையை நம்புங்க. நான் நம்புறதை நான் நம்பிக்கிறேன். உங்களை நான் கட்டாயப்படுத்தினேனா?"

கெஞ்சினார். திட்டினார். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தார். அவள் மசியவில்லை. அவள் படியில் இறங்கும்போதெல்லாம் இவர் பின்னாலேயே இறங்கினார். மூன்றாம் நாள் காலை கடையைத் திறந்தவர், மாத்திரை பொடிக்க வைத்திருக்கும் சின்னக் கல்வத்தை எடுத்தார். பொடித்ததைத் தாளில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறி, "இன்னிக்கு டீ நான் போடறேன்" என்றார்.*

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கசப்புத் தெரியாமல் இருக்கச் சர்க்கரையை அள்ளிப் போட்டார்.

"என்னங்க இது, டீயா பாகா?"

"பாசம்."

அவள் சிரித்தாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் அடுப்பங்கரைப் பக்கம் வந்ததே இல்லை. தன் பிரார்த்தனை அவரையும் மாற்றிவிட்டது என்று நினைத்தாள்.

(* எல்லா மாத்திரையையும் பொடிக்கக் கூடாது. சிலது பொடித்தால் ஆளையே கொல்லும். இதைப் படித்துவிட்டு யாரும் கல்வத்தைத் தேட வேண்டாம். இவருக்குத் தொழில் தெரியும். தொழில் தெரிந்ததுதான் பிரச்சினையே.)

4

நியாயமாக இந்த இடத்தில் கொஞ்சம் சிரிக்க வேண்டும். நடந்தது அப்படி.

மூன்று மாதமாக வலிப்பு வரவில்லை. எதிர்வீட்டுக்காரர்கள் தங்கள் சாமி என்றார்கள். அம்மா விடுவாளா?

"என் வேண்டுதல்டா அது! நான் நாப்பது நாள் ஒருவேளை சாப்பாடு சாப்பிட்டது சும்மாவா? பலன் என் சாமி குடுக்கும், பேரு அவங்க சாமிக்கா?"

"அத்தை, நீங்க பதினோரு வருஷமா வேண்டிக்கிட்டுத்தான் இருந்தீங்க."

"அப்ப எல்லாத்தையும் சேத்து வச்சு இப்ப குடுத்திருக்கு!"

மாமியாரும் மருமகளும் எள்ளும் கொள்ளுமாய் வெடித்துக்கொண்டிருக்க, அரைமாத்திரை குழாயடியில் நின்று டம்ளரின் அடியில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியை விரலால் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். பகலில் தூக்கம் வருகிறதே என்று அவள் சொன்னால், "மனசு நிம்மதியா இருக்கில்ல, அதான்" என்று அவரே காரணமும் சொல்லிக் கொடுத்தார்.

(இந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் பயத்தில் செய்தார், சரி. மூன்றாம் மாதமும் அதே பயம்தானா? ஊரெல்லாம் இரண்டு சாமிக்கும் நன்றி சொல்லிக்கொண்டிருக்க, தனக்கு மட்டும் தெரியும் என்று நினைப்பதில் ஒரு சுகம் இல்லையா? கேட்டேன். "இருந்துச்சு சார்" என்றார். ஒளிக்காமல் சொன்னதால் திட்டவும் முடியாமல் போய்விட்டது.)

5

நாலாவது மாதம் ஒரு புதன்கிழமை. மூன்று மணிக்கு மேல் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடையை அடைத்துவிட்டு மேலே வந்தவர், நடையில் நின்றுவிட்டார். எதிர்வாசல் திறந்திருந்தது. தையல் இயந்திரத்தைச் சுவரோரம் தள்ளிவிட்டு இருபது நாற்காலி போட்டிருந்தார்கள். நடுவில் அவர் மனைவி நின்று பேசிக்கொண்டிருந்தாள். நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள்.

"நாலு மாசமா ஒரு மாத்திரை என் வாயில படல. ஒரு தடவைகூட வலிப்பு வரல. பொய் சொன்னா என் கண்ணு அவிஞ்சு போகட்டும்."

அவளுக்குத் தெரிந்த அளவில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

கடைசி வரிசையில் தையல்காரம்மாவின் மகள் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தாள். பத்தொன்பது வயது. அவளுக்கும் வலிப்பு. அதே மாத்திரை, அதே பெட்டியிலிருந்துதான். ஐந்தாம் தேதி ஆனால் கடைக்கு வந்து, "மாமா, என் பொட்டலம்" என்பாள். அவர் முன்கூட்டியே எடுத்து வைத்திருப்பார்.

அப்போது உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'பாவம், ஆசையாகப் பேசுகிறாள், பேசட்டும்' என்று வீட்டுக்குள் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார்.

அடுத்த ஐந்தாம் தேதி அந்தப் பெண் வரவில்லை. பத்தாம் தேதி வரைக்கும் பொட்டலம் மேஜை இழுப்பறையில் கிடந்தது. பிறகு அட்டைகளைப் பிரித்துத் திரும்ப அலமாரியில் வைத்தார். அப்போது அவர் என்ன நினைத்தார் தெரியுமா? மெயின் ரோட்டில் புதிதாகத் தள்ளுபடிக் கடை திறந்திருந்தார்கள். அங்கே போய்விட்டாள் என்று நினைத்தார். எதிர்வீட்டில் இருந்துகொண்டு இப்படிச் செய்யலாமா என்று அவருக்கு வருத்தம். இரண்டு வாரம் படியில் பார்த்தபோது முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு மருந்துக்கடைக்காரரால் மட்டும்தான் இப்படித் தப்பாக நினைக்க முடியும்.

6

(இந்தப் பகுதி மூன்று பக்கம் இருந்தது. எடுத்துவிட்டேன். பெண் குளிக்கப் போனாள். உள்ளே வலிப்பு வந்தது. வாளியில் தண்ணீர் நிறைய இருந்தது. முகம் அதற்குள். கதவை உடைத்தது அரைமாத்திரைதான். இதற்கு மேல் வர்ணிக்க என்னால் ஆகாது.)

7

அன்று இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியவில்லை. மனைவி கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்ட கேட்டாங்கங்க அந்த அக்கா. நிறுத்தலாமான்னு."

"எதை?"

"பொண்ணோட மாத்திரையை. நான்தான், 'தைரியமா நிறுத்துங்கக்கா, நான் நிறுத்தலியா'ன்னேன்."

வாயைத் திறந்தார். 'நீ நிறுத்தவே இல்லடி' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அப்போது தையல்காரம்மா உள்ளே வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ அழாத தங்கச்சி. எனக்கு நம்பிக்கை பத்தல, அதான் எடுத்துக்கிட்டாரு. நீ நல்லா இருக்கறதைப் பாத்துத்தான் நான் இன்னும் உசுரோட இருக்கேன். இல்லன்னா அவ போனது எதுக்குன்னே தெரியாம செத்திருப்பேன்."

வந்த சொல்லை அரைமாத்திரை விழுங்கிவிட்டார். மறுநாள் காலை வழக்கம்போல டீ போட்டார்.

இரண்டு மாதம் ஆகிறது. வருகிற புதன்கிழமை மறுபடியும் அவள் பேசவேண்டும் என்று தையல்காரம்மா கேட்டிருக்கிறாள். தரைத்தளத்து டிரைவருக்குச் சர்க்கரை வியாதி, தினம் இரண்டு ஊசி. "அக்கா வாயால ஒரு தடவை கேட்டுடறேன். அன்னியோட ஊசியைத் தூக்கிப் போட்டுடறேன்" என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான்.

8

ஒரு பொய்யைத் திருத்த வேண்டும். பேச்சுவாக்கில் சொன்னார் என்று எழுதினேனே, அப்படி இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, என்னை ஸ்டூலில் உட்காரவைத்துச் சொன்னார்.

"நீங்க இதைக் கதையா எழுதணும் சார்."

"எதுக்கு?"

"அவ வாரப் பத்திரிகை வாங்கறதே உங்க கதைக்காகத்தான். படிச்சா புரிஞ்சுக்குவா. என் வாயால வராது சார். நாலு தடவ முயற்சி பண்ணிட்டேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பொண்டாட்டியிடம் சொல்லவேண்டியதைச் சொல்ல நான் என்ன தபால்காரனா?

'அப்படியானால் நீயாவது நேரில் போய்ச் சொல்லேன்யா' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போனேன். டிரைவரிடம் முதலில் போனேன். "ஊசியை நிறுத்தாதப்பா, ஆளே போயிடுவே" என்றேன். "சார், கண் முன்னாடி ஆள் நடமாடுது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி?" என்று சிரித்தான். டீயில் இருப்பதைச் சொல்லியிருந்தால் சிரிப்பு நின்றிருக்கும். சாயங்காலத்துக்குள் தையல்காரம்மாவுக்கும் போயிருக்கும். பயந்து வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு மாடி ஏறினேன். மனைவிதான் கதவைத் திறந்தாள். நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். "போன கதையிலயும் முடிவே சொல்லாம விட்டுட்டீங்களே சார். பாதியில நிறுத்தறதுக்கு எதுக்கு எழுதறீங்க?" என்றாள். எதிர்வாசலில் தையல் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. தண்ணீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அரைமாத்திரையைக் கோழை என்று திட்டி எழுதியிருந்த ஒரு பத்தியை அன்றைக்குத்தான் அடித்தேன்.

9

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ) அவரே சொல்லிவிடுகிறார். அவள் அழுகிறாள், மன்னிக்கிறாள். — யார் சார் மன்னிப்பார்கள்? எழுதும்போதே கை கூசியது.

ஆ) அவர் பொடிப்பதை நிறுத்திவிடுகிறார். புதன்கிழமை, எல்லார் முன்னாலும், பேசிக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு— டிரைவர் பிழைத்துக்கொள்வான். கதையாக இதுதான் கச்சிதம். அதனாலேயே கிழித்துப் போட்டேன். ஒரு கொலையைச் செய்துவிட்டுக் கச்சிதம் என்று மார்தட்டிக்கொள்ள எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இ) யாரும் எதுவும் சொல்லவில்லை. இதை எழுதவே தேவையில்லை. தினம் காலை நடந்துகொண்டிருக்கிறது.

10

மற்றவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இனி ஒரே ஒருவரோடுதான் பேச்சு.

அம்மா, பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். இருந்தாலும் டீயைப் பாகு என்று சொன்னது நீங்கள்தான் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டிருக்கும். மூன்றாவது பகுதியிலேயே தெரிந்திருக்கும். அதற்குப் பிறகும் இவ்வளவு தூரம் படித்தீர்களே, என்னை மன்னித்துவிடுங்கள். நேரில் வந்து உங்கள் வீட்டுத் தண்ணீரைக் குடித்தவன், பத்திரிகையில் எழுதி உங்களைக் கொல்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர் மேல் இருக்கிற கோபத்தில் நாளைக்குக் காலை டீயைத் தட்டிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் என்ன ஆகும் என்று நீங்கள் பார்த்தீர்கள். மாத்திரையை முழுசாகக் கையில் கேட்டு வாங்கி, தெரிந்தே விழுங்குங்கள். உங்கள் சாமி அதற்குக் குறுக்கே நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அந்தச் சாமியைப் பழக்கமில்லை, உங்களுக்குத்தான் தெரியும்.

தையல்காரம்மாவிடம் சொல்வதா, வேண்டாமா? சொன்னால் அவளுக்கு மிச்சமிருக்கிற ஒன்றும் போய்விடும். சொல்லாவிட்டால் டிரைவருக்கு இரண்டு குழந்தைகள். இந்த ஒன்றை மட்டும் எட்டுத் தடவை எழுதிப் பார்த்தேன், எட்டிலும் யாரோ ஒருவர் சாகிறார். முடிவில்லாமல் விட்டுவிட்டேன் என்று இந்தத் தடவையும் என்னைத் திட்டுங்கள். என்னால் முடியவில்லை.

பத்திரிகை திங்கட்கிழமை கடைக்கு வருகிறது. கூட்டம் புதன்கிழமை மூன்று மணிக்கு. நடுவில் உங்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமை இருக்கிறது.