செத்த நிரலின் எண்

1.

இந்தக் கதை எனக்கு வெளிமாநிலத்தில், ஹடப்சரில் ஒரு சாப்பாட்டு மேசையில் கிடைத்தது. ஸ்ரீவித்யா சொன்னாள், கணவன் சபரி இடையிடையே திருத்தினான். கோவைக்காரர்கள், ஒரே மென்பொருள் நிறுவனத்தில் வேலை. 'அன்று மழை பெய்துகொண்டிருந்தது' என்று ஆரம்பித்தேன். மழையே இல்லையாம். அந்த வரியை அடித்துவிட்டேன்.

2.

ஒரு நிரல் திடீரென்று செத்து விழுந்தால், அதன் நினைவகத்தில் இருந்ததை அள்ளி அதன் சொந்தக்காரரிடம் கொடுக்க இன்னொரு நிரல் ஓடிவரும். அந்த இன்னொன்றை எழுதியவன் சபரி. (இந்த ஒரு பத்தியை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.) ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கணினி ஓர் எண் கொடுக்கும்; அள்ள வருவது வந்து சேர்வதற்குள், செத்ததன் எண் வேறொரு நிரலுக்குப் போய்விடலாம். வந்தது எண்ணை மட்டும் பார்க்கும். உயிரோடிருப்பதன் நினைவகத்தை அள்ளி, செத்ததன் சொந்தக்காரரிடம் நீட்டிவிடும்.

பாதுகாப்பைச் சோதிப்பது ஸ்ரீவித்யாவின் வேலை. இந்த மாறாட்டத்தை நடத்திக்காட்டப் பலமுறை முயன்றும் முடியவில்லை. பிறகு ஒருமுறை, யாரோ ஒருவருடைய கடவுச்சொற்கள் திரையில் வந்து விழுந்தன. சந்தோஷப்பட்டாள். உடனே தேதியைப் பார்த்தாள். மறுநாள் வெளியீடு, சபரியின் பதவி உயர்வு அதை நம்பித்தான் இருந்தது.

3.

'சபரி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து—'

வேண்டாம். இதைப் படித்துவிட்டு ஸ்ரீவித்யா, "அவருக்கு அவ்வளவு கோபமெல்லாம் வராதுங்க" என்று சிரித்தாள். நடந்தது இதுதான்.

"ஏங்க, நீங்க எழுதுன ப்ரோக்ராம்ல ஒரு ஓட்டை இருக்குதுங்க."

"எங்க, காட்டு."

காட்டினாள். அவன் திரையை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தான்.

"நல்லாப் புடிச்சிருக்கற. நாளைக்கு இது வெளிய போச்சுன்னா எத்தன பேரு மாட்டுவாங்களோ. வா, இப்பவே மேனேஜர்கிட்ட சொல்லிப்போடலாம்."

"உங்க ப்ரமோஷன்?"

"அது கெடக்குது, வா."

4.

மேலாளர் ஸ்நேஹா மேடம் வெளியீட்டை நிறுத்தினார். எண்ணோடு, அந்த நிரல் பிறந்த நேரத்தையும் சரிபார்க்கும்படி இருவரும் சேர்ந்து ஓட்டையை அடைத்தார்கள். பதவி உயர்வு தள்ளிப்போனது.

அதன்பின் மேடம் இந்தியில் கேட்டார்: "இந்தத் தப்புக்கு யார் பொறுப்பு?"

எழுதியவன் சபரி. அதைப் படித்துப் பார்த்து 'சரி' என்று ஒப்புதல் கொடுத்தவள் ஸ்ரீவித்யா. (இதை அவள் எனக்குக் கடைசியில்தான் சொன்னாள்.) இருவரும் ஒரே சமயத்தில் "நான்தான்" என்றார்கள். மேடம் சிரித்துவிட்டாராம்.

யார் முந்தியது என்று கேட்டேன்.

"அவருதாங்க," என்றாள் அவள்.

"இவதான்," என்றான் அவன்.

இரண்டு விதமாகவும் எழுதிப் பார்த்தேன். யாரை முந்த வைத்தாலும் மற்றவரை ஒரு நொடி தயங்க வைத்ததாகிவிடுகிறது. என்னால் முடியவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.