மானிட்டர் மேல் எல்லைக்கல்

திங்கட்கிழமை காந்திமதி திண்டிவனத்தில் புது வேலைக்குச் சேர வேண்டும். அவளுடைய சர்டிபிகேட்டெல்லாம் அவள் இதுவரை வேலை பார்த்த விழுப்புரம் போட்டோ ஸ்டூடியோ பீரோவில் இருந்தன. பீரோவுக்கு இரண்டு பூட்டு. முதலாளிகள் அண்ணன் தம்பி; ஒரு சாவி அண்ணன் சீனுவாசனிடம், ஒன்று தம்பி வேங்கடேசனிடம். இருவருக்கும் பேச்சு கிடையாது. நிலத்தைப் பிரித்தார்கள், கிணற்றைப் பிரித்தார்கள். கம்ப்யூட்டர் மட்டும் பொதுவில் நின்றுவிட்டது. தம்பி போட்டோ எடுத்த காணை ஊர்க் கல்யாணப்பெண், அண்ணன் போட்ட காதுகுத்து ஆல்பத்தில் வந்து சிரித்ததும் அதற்கும் பாகம் கேட்டார்கள்.

"ஸ்கிரீன்ல ரெண்டு பக்கமா ஃபைலு தெரியற சாப்ட்வேரா பார்த்துப் போட்டுட்டுப் போம்மா" என்றார் சீனுவாசன். தம்பியும் தனியாக வந்து அதையே சொன்னார்.

காந்திமதி முதலில் போட்ட சாப்ட்வேர் முழுக்க நீலக் கலர். "மவுஸே வேலை செய்யல, இன்னாத்துக்கு இது?" என்றார் தம்பி. அடுத்தது, திறக்கும்போதெல்லாம் மூன்று நம்பர் காட்டி ஒன்றை அமுக்கச் சொன்னது. "என் கடையில என்னியே கேள்வி கேக்குதா?" என்று அண்ணன் எழுந்துபோனார். மூன்றாவது ஓசி, லட்சணம். நடுவில் வரப்பு மாதிரி ஒரு கோடு. இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது. காந்திமதி பஸ்ஸுக்குச் சில்லறை எடுத்து வைத்தாள்.

மூத்தவனுக்குத் தெற்குப் பாகம் என்பது வழக்கம். மேற்கே பார்த்து உட்கார்ந்தால் இடதுகை தெற்கு. அண்ணன் இடது பக்கத்தை எடுத்துக்கொண்டார். மறுநாள் காலையில் மேஜை கிழக்கே பார்த்து இருந்தது; தெற்கு வலதுகைக்குப் போய்விட்டது.

"நான் தொடவே இல்லம்மா. அதுவாத்தான் திரும்பிக்கிச்சு" என்றார் தம்பி.

அண்ணன் திருப்பினார். தம்பி திருப்பினார். அவள் எழுந்திருக்கவும் நேரமில்லை. மேஜை சுற்றின சுற்றில் ஒயரெல்லாம் நாற்காலியோடு அவளையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டது. அந்த நிலையிலும் கண் பார்த்தது: அண்ணன் மவுஸைத் துடைப்பதுபோல் நடுக்கோட்டை ஒரு மயிரிழை வலப்பக்கம் தள்ளினார்.

சர்வேயர் மாரியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் கொண்டுவந்த நிலம் அளக்கும் சங்கிலி அவ்வளவு நீளம், மறுமுனை இன்னும் ரயிலடியில் கிடந்தது; அதனால் நூல் பிடித்து அளந்தார். மானிட்டரின் பெருத்த தலைமேல், கோட்டுக்கு நேராக ஒரு எல்லைக்கல் வைத்து மஞ்சள் குங்குமம் பூசினார். மேஜை எந்தத் திசையில் இருந்தாலும் சரி, அண்ணனுக்கு இடது, தம்பிக்கு வலது என்று தீர்ப்புச் சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார்.

"அப்ப நான் கிளம்பறேங்க. சர்டிபிகேட்டு..." என்றாள் காந்திமதி, ஒயரைப் பிரித்துக்கொண்டே.

அண்ணன் தம்பியைப் பார்த்தார். தம்பி கல்லைப் பார்த்தார்.

"நீ போய்ட்டா கல்லை யாரு பார்த்துக்கறது?"

இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். பாகம் பிரித்த பிறகு அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான். அந்தச் சந்தோஷத்தில் அண்ணன் தோளில் தம்பி கைபோட, சேர்ந்தே டீக்கடைக்குப் போனார்கள். சாவிகளும் கூடவே போயின.

ரோட்டில் கண்டக்டர் "திண்டிவனம், திண்டிவனம்" என்று கூவினார். காந்திமதி நாற்காலியைக் கல்லுக்கு நேராக நகர்த்திப் போட்டாள். மானிட்டர் சூட்டில் மஞ்சள் வாசனை கமகமவென்று வந்தது.